சுல்தானாக நடந்த மாணவர்கள்



சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் கற்பிக்கும் கல்லூரியில் கலைவிழாவை முன்னிட்டு வேட ஊர்வலம் ஒன்றை ஒழுங்கு செய்திருந்தோம். எல்லாளன், சங்கிலியன், பண்டாரவன்னியன், இராமன், இலக்குவன், குகன் எனப் பாத்திரங்களைப் பட்டியலிட்டு மாணவர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு தமிழாசிரியன் என்ற முறையில் என்னிடம் வந்தது. குகன் வேடத்துக்கு ஒரு மாணவனின் பெயரை யோசனையின்றி எழுதினேன். முந்திய ஆண்டு கண்ணப்பர் ஊர்வலத்தில் வேடனாக வந்தவனும் அவனே. மாலையில் அவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். "சேர், எனக்கு ஏன் எப்பவும் வேடன் வேசம்?" என்று கேட்டான்.

குகனின் பெருமையைப் பற்றி அவனுக்கு நீண்ட விளக்கம் கொடுத்தேன். இராமன் தன் தம்பியருள் ஒருவனாக ஏற்றுக்கொண்ட பெருந்தகை அல்லவா என்றேன். அவன் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அவன் கேட்டது குகனைப் பற்றியன்று, என்னைப் பற்றியே என்பது வீடு செல்லும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அவனது நிறத்தையும் அவன் வரும் குடிசையையும் பார்த்தே என் பேனா அந்தப் பெயரை எழுதியிருந்தது.

அந்தக் கேள்வி மனதில் கிடந்த காலத்தில்தான் பழைய ஐரோப்பிய ஓவியங்கள் பற்றிய நூலொன்றில் சில படங்களைக் கண்டேன். அவையும் மாணவர்களின் வேட ஊர்வலம் ஒன்றைப் பற்றியவையே. ஊர்வலம் நடந்த இடம் உரோம் நகரம், ஆண்டு 1748. மாணவர்கள் வேடமிட்டு வீதியில் நடக்கும்போது அந்த வேடம் எதனைக் குறிக்கிறது என்பதை இன்று அப்படங்களை வைத்துச் சிந்திக்கலாம் என எண்ணுகிறேன்.

பதினான்காம் லூயி மன்னனின் காலத்தில், 1666ஆம் ஆண்டு, அமைச்சர் கொல்பேரின் முயற்சியால் உரோம் நகரில் பிரெஞ்சுக் கலைக்கழகம் நிறுவப்பட்டது. பாரிசில் நடைபெறும் போட்டியில் பரிசு பெற்ற இளம் ஓவியரும் சிற்பியரும் அரசனின் செலவில் உரோமில் சில ஆண்டுகள் தங்கிப் பழைய சிற்பங்களையும் பெரும் ஓவியர்களின் படைப்புகளையும் பார்த்து வரைந்து பயில்வது அதன் நோக்கம். 1725 முதல் இக்கலைக்கழகம் கோர்சோ என்னும் வீதியில் அமைந்திருந்த மன்சினி மாளிகையில் இயங்கியது. இந்த இருப்பிடம் நம் கதைக்கு முக்கியமானது. கத்தோலிக்கரின் தவக்காலம் விபூதிப் புதனன்று தொடங்குவதற்கு முந்திய நாட்களில் உரோம் நகரமே களியாட்டத்தில் மூழ்கும். அக்களியாட்டத்தின் நடுவரங்கு கோர்சோ வீதிதான். குதிரைகளை ஆளின்றி ஓடவிட்டுப் பந்தயம் வைப்பதும், முகமூடி அணிந்து வண்டிகளில் உலா வருவதும் அங்கேதான். பின்னாளில், 1788ஆம் ஆண்டின் களியாட்டத்தை நேரில் கண்ட ஜேர்மானியக் கவிஞர் கதே அதனைப் பற்றித் தனி நூலே எழுதினார். அரசு மக்களுக்கு வழங்கும் விழாவன்று அது, மக்கள் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ளும் விழா என்பது அவர் கண்ட உண்மை.

மாளிகையின் வாசலிலேயே விழா நடக்கும்போது மாணவர்கள் உள்ளேயிருந்து சிலைகளை வரைந்துகொண்டிருப்பார்களா? 1735இல் அவர்கள் சீனர்களாக வேடமிட்டு ஊர்வலம் வந்தனர். அதனைப் பியேர் என்ற மாணவர் அச்சோவியமாகப் பதிந்து வைத்தார். 1748இல் வந்ததே எல்லாவற்றிலும் பெயர் பெற்றது. 'மக்காவுக்குச் செல்லும் சுல்தானின் பயணக்கூட்டம்' என்பது அதற்கு இடப்பட்ட பெயர். சுல்தான், பட்டத்தரசி, முதன்மை அமைச்சர், முப்தி, காவற்படைத் தலைவன், பாரசீகத் தூதர், சீனத் தூதர், மொகலாயத் தூதர், இந்தியர் தலைவன் என நீண்ட வரிசையில் மாணவர்களும் அவர்களுடைய நண்பர்களும் உலா வந்தார்கள். அரசியர் வேடத்தையும் ஆண்களே தாங்கினர். நாட்டுக்கூத்தில் ஆண்களே பெண் பாத்திரமேற்று ஆடுவதைக் கண்டு பழகிய நமக்கு இது வியப்பன்று. ஆயினும் இதற்கு வேறொரு காரணமும் உண்டு. அக்கலைக்கழகத்தில் மாணவியர் இருக்கவில்லை. அங்கு தங்கிப் பயிலும் உரிமையைத் தரும் பெரும் பரிசை ஒரு பெண் முதன்முதலாகப் பெற்றது 1911இல். அவர் சிற்பக் கலைஞர் லூசியென் ஹவல்மன்ஸ்.

இந்த ஊர்வலத்தை நமக்குக் காத்துத் தந்தவர் ஜோசப் மரி வியன். 1716இல் மொன்பெலியே நகரில் பிறந்து, 1743இல் பரிசு வென்று, மறுவருடம் உரோமுக்கு வந்த மாணவர் அவர். வேடதாரிகள் ஒவ்வொருவரையும் வரைந்து, ஏறத்தாழ முப்பது செப்புத் தகடுகளில் பதித்து அச்சிட்டு வெளியிட்டார். மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி, கீறிய கோட்டை அமிலத்தால் அரிக்கச் செய்து, அப்பள்ளத்தில் மையிட்டுத் தாளில் ஒற்றியெடுப்பது இம்முறை. ஜான் பார்போ என்ற இன்னோர் இளைஞர் அவ்வேடதாரிகளில் சிலரைச் சிறிய எண்ணெய் ஓவியங்களாகத் தீட்டினார். இவர் போட்டியில் பரிசு பெறாமலே உரோம் வந்து, பின்னர் இயக்குநர் டி துருவாவின் ஆதரவால் கலைக்கழகத்தில் இடம் பெற்றவர்.

இனி, இவற்றின் உள்ளுறையைப் பார்ப்போம்.

தமிழிலே உலா என்றொரு சிற்றிலக்கிய வகை இருப்பதை நேயர்கள் அறிவீர்கள். சேரமான் பெருமாள் நாயனாரின் ஆதியுலாவில் இறைவன் வீதியில் வருகிறான். ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் சோழ மன்னர் வருகின்றனர். வருகின்றவன் யாரென்பதில் ஐயமில்லை, அவன் மாறுவதுமில்லை. பேதை முதல் பேரிளம்பெண் ஈறாகக் கண்டு நிற்பவர்களே மாறுகின்றனர். உலாவில் வெளிப்படுவது பார்ப்பவர் மனம். வேட ஊர்வலமோ இதற்கு நேர்மாறானது. அங்கே வருகின்றவன் தான் அல்லாத ஒருவனாக வருகிறான். ஆகவே வெளிப்படுவது வருபவனின் மனம். என்னவாக இருக்க அவன் விரும்புகிறான், யாரை அவன் வேடிக்கையாகக் கருதுகிறான் என்ற இரண்டையும் அவன் அணிந்த உடுப்பே சொல்லிவிடுகிறது.

முதலில் விருப்பத்தைப் பார்ப்போம். இந்த மாணவர்கள் அரசனின் உதவிப்பணத்தில் வாழ்ந்தவர்கள். சுல்தானுக்குரிய பட்டும் சரிகையும் வாங்க அவர்களால் எப்படி முடியும்? மலிவான துணியை வாங்கி, அதன்மேல் பட்டின் பளபளப்பையும் சரிகைப் பூவேலையையும் வர்ணத்தால் தீட்டிக்கொண்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது பட்டாகவே தெரிந்திருக்கும். இந்தச் செய்தியை வாசித்தபோது என் மனம் மகிழ்ந்தது. சாதாரணத் துணியைப் பட்டாகக் காட்டும் வித்தைதானே ஓவியக்கலை? தாம் கற்ற கலையைச் சட்டத்துக்குள் மாட்டாமல் உடம்பில் மாட்டிக்கொண்டு வீதிக்கு வந்தார்கள். எங்கள் மாணவர்கள் காட்போட் அட்டையில் தங்கநிறத் தாள் ஒட்டிக் கிரீடம் செய்யும்போதும் இதே மகிழ்ச்சிதான் அவர்களுடைய முகத்தில் தெரியும். வேடத்தின் முதலாவது பொருள் விடுதலை. பிறப்பும் பணமும் தராத ஒன்றை ஒரு மாலைப்பொழுதுக்குக் கைவண்ணத்தால் பெற்றுக்கொள்வது.

ஊர்வலத்தின் வடிவத்துக்கும் ஒரு பொருளுண்டு. பழைய உரோமப் படைத்தலைவன் போரில் வென்று திரும்பும்போது, கைப்பற்றிய பொருட்களையும் கைதிகளையும் முன்னே நடக்கவிட்டுத் தான் தேரில் வருவான். மன்தேஞ்ஞா என்ற இத்தாலிய ஓவியர் சீசரின் வெற்றியுலாவை ஒன்பது பெருந்திரைகளில் வரைந்து வைத்தார். அவை இன்று இங்கிலாந்தின் ஹம்ப்டன் அரண்மனையில் உள்ளன. உரோமில் பயின்ற மாணவர்களுக்கு இந்த வெற்றியுலாவின் இலக்கணம் மனப்பாடம். அதே சட்டகத்தில் அவர்கள் துருக்கிச் சுல்தானை ஏற்றினார்கள். 1683இல் வியன்னா நகரை முற்றுகையிட்டு ஐரோப்பாவை நடுங்க வைத்த துருக்கி, 1748இல் களியாட்ட வேடமாகிவிட்டது. அச்சம் நீங்கிய பிறகே ஒன்றை வேடிக்கையாக அணிய முடியும். மொலியேரின் நாடகமொன்றில் துருக்கிச் சடங்கு நகைச்சுவையாக வருவது 1670இல். பிரெஞ்சுத் தூதராக இருந்த ஃபெரியோலின் வேண்டுகோளால் வான்மூர் என்ற ஓவியர் வரைந்த துருக்கி மக்களின் உடைகள், நூறு அச்சோவியங்கள் கொண்ட நூலாக 1714இல் பாரிசில் வெளிவந்திருந்தன. ஆகவே துருக்கிக்குப் போகாமலே துருக்கியனாகும் வழி அந்த மாணவர்களுக்குத் திறந்தே இருந்தது.

இங்கே ஒரு முரணைக் கவனியுங்கள். ஆட்சியிலிருந்த ஒட்டோமன் சுல்தான் எவரும் மக்காவுக்கு யாத்திரை சென்றதில்லை. ஆண்டுதோறும் காணிக்கைகளோடு ஒரு பயணக்கூட்டத்தை அனுப்பி வைப்பார்கள். தாம் தலைநகரிலேயே இருப்பார்கள். அதாவது, உரோம் வீதியில் மாணவர்கள் நடத்திக் காட்டியது உலகில் ஒருபோதும் நடவாத ஓர் ஊர்வலம். இன்னொரு சமயத்தாரின் புனித யாத்திரை, கிறிஸ்தவ உலகின் தலைநகரில், தவக்காலத்துக்கு முந்திய கேளிக்கையாக நடந்தது. துருக்கியைப் பற்றி அது நமக்குச் சொல்வது சொற்பம். துருக்கியைப் பற்றி அவர்கள் கண்ட கனவையே அது சொல்கிறது.

வியனின் படங்களை மீண்டும் பாருங்கள். ஊர்வலம் என்கிறோம்; ஆனால் பெரும்பாலான படங்களில் ஒருவரே நிற்கிறார். முழு உருவம், வெறுமையான பின்னணி, கீழே ஒரு பெயர். கூட்டமில்லை, வீதியில்லை, பார்ப்பவரில்லை. திவாகரம் போன்ற நம் நிகண்டுகளில் மக்கட்பெயர்த் தொகுதி என்றொரு பகுதி உண்டல்லவா? அதுபோல இது ஒரு வேட நிகண்டு. தலைப்பாகையின் அளவு பதவியைச் சொல்கிறது, அங்கியின் நீளம் தொழிலைச் சொல்கிறது. ஆள் மறைந்து பெயர் மட்டும் நிற்கிறது. 1751இல் மாணவர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று உலகின் நான்கு கண்டங்களையே வேடமாக்கினார்கள். அந்த ஊர்வலத்தைப் பார்போ நீண்டு ஒடுங்கிய ஒரே ஓவியமாக வரைந்தார். அது பிரான்சின் பெசான்சோன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. கண்டங்களை ஆட்களாகக் காட்டும் முறையைச் சேசரே ரிப்பா என்பவர் தமது குறியீட்டு அகராதியில் முன்னரே வகுத்திருந்தார். முடி தரித்தவள் ஐரோப்பா, தூபக்கலசம் ஏந்தி ஒட்டகத்தோடு இருப்பவள் ஆசியா, யானைத்தலையை முடியாகக் கொண்டவள் ஆபிரிக்கா, இறகு சூடி வில்லேந்தியவள் அமெரிக்கா. அரசமுடியை யார் தலையில் வைத்தார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த 1748ஆம் ஆண்டிலே, 'இந்தியர் தலைவன்' என்ற பெயரோடு ஒரு பிரெஞ்சு இளைஞன் வர்ணத்துணி உடுத்து உரோமில் நடந்தான். அதே ஆண்டில் ஆங்கிலேயர் முற்றுகையிட்ட புதுச்சேரியிலே, ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை, பிரெஞ்சுக்காரர் என்ன பேசினார்கள், எங்கே தடுமாறினார்கள், யாரிடம் கடன்பட்டார்கள் என்பதையெல்லாம் தமிழிலே தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தார். 1736 முதல் 1761 வரை நீண்ட நாட்குறிப்பு அது. உரோமில் இந்தியன் ஒரு வேடம். புதுச்சேரியில் அவன் ஒரு கண், ஒரு பேனா. வேட நிகண்டு எழுதியவர்களையும் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார் என்பது தமிழனாகிய எனக்கு மிகுந்த ஆறுதலைத் தரும் செய்தி.

ஆனால் எல்லோருக்கும் அத்தகைய பேனா வாய்ப்பதில்லை. மாணவர்கள் நடந்த அதே கோர்சோ வீதியின் இன்னொரு கதையையும் சொல்லாமல் விட்டால் இந்த விளக்கம் குறையுடையதாகும். பாப்பரசர் இரண்டாம் பவுல் 1466இல் களியாட்டப் பந்தயங்களை அவ்வீதிக்குக் கொண்டுவந்தபோது, உரோமில் வாழ்ந்த யூதர்களும் அங்கே ஓட வேண்டுமென விதிக்கப்பட்டது. கூட்டம் கூக்குரலிட்டுச் சிரிக்க, அவர்கள் ஓடினார்கள். இவ்வழக்கம் 1668இல் பாப்பரசர் ஒன்பதாம் கிளெமெந்தின் காலத்தில் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக யூத சமூகம் களியாட்டச் செலவுக்கென ஆண்டுதோறும் பணம் செலுத்த வேண்டியிருந்தது. 1555 முதல் அவர்கள் மதில் சூழ்ந்த ஒரு சேரிக்குள் அடைக்கப்பட்டிருந்தனர். ஆண்கள் மஞ்சள் தொப்பியும் பெண்கள் மஞ்சள் முக்காடும் அணிந்தே வெளியே வரலாம் என்பது கட்டளை.

இப்போது இரண்டு உடுப்புகளை அருகருகே வைத்துப் பாருங்கள். மாணவனின் தலைப்பாகையும் யூதனின் மஞ்சள் தொப்பியும் 'இவன் வேற்றாள்' என்றே சொல்கின்றன. முன்னையதை அணிந்தவன் இரவானதும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மறுநாள் தன் பெயரோடு எழுந்திருக்கிறான். பின்னையதை அணிந்தவனுக்கு அந்த உரிமை இல்லை. ஆகவே ஊர்வல ஓவியங்களின் குறியீட்டை ஆராயும்போது, யார் என்ன அணிந்திருக்கிறார் என்று மட்டும் கேட்பது போதாது. அதைக் கழற்றும் உரிமை அவருக்கு உண்டா என்றும் கேட்க வேண்டும். நான் இந்தப் படங்களிலிருந்து பெற்ற பாடம் இதுவே. விரும்பி அணிந்து விரும்பியபோது கழற்றக்கூடியது வேடம். பிறர் சூட்டிக் கழற்றவிடாதது முத்திரை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

வியன் பிற்காலத்தில் துருக்கி உடுப்பை விட்டுவிட்டார். 1763இல் அவர் பாரிசில் காட்சிக்கு வைத்த புகழ்பெற்ற ஓவியத்தில் பெண்கள் பழைய கிரேக்க உடையில் இருக்கிறார்கள். 1775இல் அதே உரோமக் கலைக்கழகத்துக்கு அவர் இயக்குநராகச் சென்றபோது உடன் சென்ற மாணவர்களில் ஒருவர் ஜாக் லூயி தாவித். பிரெஞ்சுப் புரட்சியின் பெரும் ஊர்வலங்களுக்கு வடிவம் கொடுத்தவர் இந்தத் தாவித்தான். 1794இல் பாரிசில் நடந்த பரம்பொருள் விழாவை அமைத்தவர் அவர். புதிய குடியரசின் குடிமக்கள் என்ன உடுக்க வேண்டுமென்பதற்கும் அவ்வாண்டில் மாதிரிகள் வரைந்தார். ஆசிரியரின் காலத்தில் ஒரு மாலை விளையாட்டாக இருந்த வேட ஊர்வலம், மாணவரின் காலத்தில் ஒரு நாட்டின் அரசியலாயிற்று. மாணவர்களின் விளையாட்டைச் சிறிதென்று தள்ளிவிடலாகாது. நாளைக்கு நாடு எதை உடுக்கப் போகிறது என்பது சில வேளைகளில் அங்கேதான் முதலில் தைக்கப்படுகிறது.

இனி என் மாணவனிடம் வருகிறேன். அந்த வருடம் அவன் குகனாகவே நடந்தான், நன்றாகவே நடந்தான். மாற்றுவதற்கு எனக்கு மனத்துணிவு வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அடுத்த வருடம் பாத்திரங்களின் பெயர்களைத் துண்டுகளில் எழுதிச் சுருட்டி, ஒரு பாத்திரத்தில் இட்டுக் குலுக்கி, மாணவர்களையே எடுக்கச் சொன்னேன். அவன் கைக்கு வந்தது மந்திரி. அரசன்கூட அல்ல. ஆனால் அவன் வீட்டிலிருந்து ஒரு பழைய வேட்டியைக் கொண்டுவந்து, சித்திர அறையில் இரண்டு நாட்கள் இருந்து, அதன் கரை முழுவதும் மஞ்சள் வர்ணத்தால் சரிகை தீட்டினான். ஊர்வலத்தன்று வெயிலில் அது உண்மைச் சரிகையாகவே மின்னியது.

ஊர்வலம் முடிந்ததும் எல்லோரும் உடுப்பைக் களைந்து பெட்டியில் போட்டார்கள். அவன் மட்டும் அந்த வேட்டியைக் கவனமாக மடித்தான். "சேர், இதை நான் வீட்டுக்குக் கொண்டுபோகலாமோ?" என்று கேட்டான்.

"உன்னுடையதுதானே தம்பி, கொண்டுபோ" என்றேன்.